லேசாக மிதித்தால் நின்றுவிடும் வண்டி

தையல்காரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்திருக்கிறாளே தவிர, ஒருநாளும் பிடித்துத் திருப்பியதில்லை. ஆனால் அந்த வெளிர்பச்சை வண்டியின் பக்கத்து இருக்கை அவள் உருவத்துக்கே குழிந்து போயிருந்தது. வேறு யார் உட்கார்ந்தாலும், "என்ன இது, பள்ளத்துல விழுந்த மாதிரி இருக்கு" என்பார்கள். அவளுக்கு மட்டும் அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும்.

அவள் புருஷன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். அக்கம்பக்கத்தில் அவருக்கு வயரிங்காரர் என்றுதான் பெயர். அவர் இழுத்த வயர் சுவரில் நூல் பிடித்த மாதிரி ஓடும். எங்கும் தொங்காது, எங்கும் வளையாது. மூலையில் திரும்பும்போதுகூட கோடு போட்ட மாதிரி மடங்கும். அடுத்தவர் வேலை செய்த வீட்டுக்குப் போனால், ஒரு கை அகலத்துக்குத் தொங்கும் வயரைப் பார்த்து, "துணி காயப்போடக் கட்டினாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

அவள் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் ஆள் நிறைய. மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தனார்கள், ஒரு நாத்தனார். அறைகளுக்கு நிலை இருந்தது, கதவு இல்லை. கதவு என்று இருந்தது வாசலில் ஒன்றுதான். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசினால் பதில் அடுத்த அறையிலிருந்து வரும். "உப்பு போதுமா?" என்று இவள் அவரைக் கேட்டால், "போதும் அண்ணி" என்று கொழுந்தனார் சொல்வார். அவள் இயல்பிலேயே வாய் திறக்காதவள். அந்த வீட்டில் அவரும் திறக்காதவராகிவிட்டார்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. ஒரு பெரிய வீட்டுக்கு வயரிங் செய்யப் போன இடத்தில், பின்கட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த பழைய கார். கூலிக்குப் பதிலாக அதை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு அரிசி வாங்கிட்டு வாடான்னா தகர டப்பாவை உருட்டிட்டு வந்திருக்கான் பாரு!"

மாமியாருக்குத் தெரியாத விஷயம், அந்தத் தகர டப்பாவுக்கு நாலு கதவு இருந்தது. நாலும் சாத்தக் கூடியவை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வயரிங்காரர் முற்றத்துக்குக் கேட்கிற மாதிரி, "பேட்டரி இறங்கிடும், கொஞ்சம் ஓட்டிட்டு வரணும்" என்பார். பிறகு யாரையும் பார்க்காமல், "நீ வேணும்னா வா" என்பார். அவள் கதவை ஒருமுறை சாத்துவாள், பிடிக்காது. இரண்டாவது முறை சாத்துவாள், பிடிக்கும். அந்த இரண்டாவது சத்தத்துக்காகவே காத்திருந்த மாதிரி அவர் பேச ஆரம்பிப்பார்.

அப்படி ஒரு பேச்சு. வீடு வீடாகப் போகிறவர் ஆயிற்றே, எத்தனை கதை! மாடியிலேயே குடும்பம் நடத்தும் மாமியார், கீழேயே குடும்பம் நடத்தும் மருமகள், நடுவில் ஏறி இறங்கியே இளைத்துப்போன புருஷன். விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்குகிறவர்கள், அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள். வாய்க்கால் கரையோரம் நேராகப் போகும் சாலையில் வண்டி மெதுவாக உருளும். அவர் கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற மாதிரியே இருக்காது, தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அவள் ம் கொட்டுவாள். நல்ல இடம் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். யாரும் கேட்கமாட்டார்கள் என்றாலும் பொத்திக்கொள்வாள், பழக்கம்.

அந்த நாட்களிலும் வண்டி ஒருமுறை நடுவழியில் நின்றிருக்கிறது, இல்லாமல் என்ன. மகள் விடுதியில் தங்கிப் படித்த வருஷம் அவளைக் கூட்டிவரப் போகையில், கொட்டுகிற மழையில் பாலத்துக்கு முன்னால் நின்றுபோனது. உள்ளே ஏதோ வயர் அறுந்துவிட்டது என்றார். தன் வேலைப் பையிலிருந்து எதையோ எடுத்து அங்கேயே சரிசெய்தார். அவள் குடை பிடித்தாள், குடை முழுவதையும் இன்ஜினுக்கே பிடித்தாள், இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். மூடியைச் சாத்திவிட்டு அவர் நிமிர்ந்த தோரணை அவளுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "நம்ம மக பேரன் எடுத்தாலும் இது அறாது" என்றார். மகள் விடுதி வாசலில் அவர்களைப் பார்த்து, "நீங்க வண்டியில வந்தீங்களா, நீந்தி வந்தீங்களா?" என்று கேட்டாள்.

காலம் போனது. பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கொழுந்தனார்கள் தனி வீடு பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாருக்குக் கல்யாணமானது, பிறகு மகளுக்கும் ஆனது. வீட்டில் இப்போது இரண்டே பேர். எந்த அறையில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்குள் பேசுவது எப்படி என்று அவர்கள் பழகவேயில்லை. அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைப்பார், அவள் தையல் மெஷினை மிதிப்பாள். வாரம் முழுக்க வீட்டில் மெஷின் சத்தம்தான். பேச்சு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு, வண்டியின் இரண்டாவது கதவுச் சத்தத்துக்குப் பிறகு.

இது ஊருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்கும் தோன்றியதில்லை, வண்டி நிற்க ஆரம்பிக்கும்வரை.

முதலில் எப்போதோ ஒருமுறை நின்றது. இருமல் இல்லை, உதறல் இல்லை. ஓடிக்கொண்டே இருக்கும், சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று போய்விடும். செத்த வண்டியைக் கியரில் இழுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. உடனே நியூட்ரலில் தள்ளி ஓரமாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். மூடியைத் தூக்கிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

தையல்காரியின் தம்பி மெக்கானிக். கடைவீதி முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். வாசலில் செத்துப்போன வேனின் பின் சீட்டு ஒன்று கிடக்கும், வாடிக்கையாளர்களுக்கு அதுதான் சோபா. அவன் நீளமான திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜினில் ஊன்றி, கண்ணை மூடிக் கேட்பான். கெட்டிக்காரன்தான். ஆனால் வண்டி ஓட்டினால் போலீஸ் துரத்துகிற மாதிரி ஓட்டுவான்.

"பெட்ரோல் தகராறுன்னா வண்டி இருமி இருமித்தான் நிக்கும் மாமா. இது டக்குனு நிக்குது. கரண்ட் போகுது."

வயரிங்காரருக்கு முகம் சுருங்கியது. "கரண்ட்டா? என் வண்டியிலயா?"

"ஏன், டாக்டர் வீட்டுக்குக் காய்ச்சல் வராதா?"

பிளக்குகளை மாற்றினான். ஓட்டிப் பார்க்கிறேன் என்று தெரு அதிரப் போய்விட்டு வந்தான். "வண்டி சிங்கம் மாமா!" அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் கரையில் சிங்கம் படுத்துக்கொண்டது. காயிலை மாற்றினான். மறுபடி தெரு அதிர ஓட்டினான், மறுபடி சிங்கம். அடுத்த ஞாயிறும் படுத்தது. கண்டென்சர், பாயிண்ட், சாவி போடும் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக மாறின. அவன் கையில் ஒருநாளும் நிற்காது. அவர் கையில் நிற்கும்.

"உங்ககிட்ட மட்டும்தான் மாமா நிக்குது. வண்டிக்கு உங்க மேல ஏதோ மனத்தாங்கல். ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கங்க."

"உங்கக்காவைக் கட்டினதுலயே என் பொறுமையெல்லாம் தீர்ந்துபோச்சு மாப்ளே. வண்டிகிட்ட வேற பேசணுமா?"

சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் தையல்காரி அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வண்டியின் மூடியை, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி தொட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ரயில்வே கேட்டில் அது நடந்தது.

மகளையும் கைக்குழந்தையையும் அவள் வீட்டில் கொண்டுபோய் விடப் புறப்பட்டார்கள். கேட் திறந்திருந்தது. மகள் பின் சீட்டில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கு நல்ல மனநிலை. பக்கத்தில் பெண்டாட்டிக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டே தண்டவாளத்தில் ஏற்றினார்.

"அந்த வீட்டுக்காரர் என்ன கேட்டார் தெரியுமா? கட்டில் பக்கத்துல ஒரு சுவிட்ச் வேணும்னார். சரி, எந்த விளக்குக்குன்னேன். எந்த விளக்குக்கும் வேண்டாம், சும்மா சுவிட்ச் மட்டும் வைங்கன்னார். ஏன் தெரியுமா—"

வண்டி நின்றது. முன் சக்கரம் ஒரு தண்டவாளத்துக்கு அப்பால், பின் சக்கரம் இப்பால்.

ரயில் எங்கோ தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் மணி அடிக்க ஆரம்பித்தது. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினாள். கேட்காரர் ஓடிவந்தார். தையல்காரி பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வண்டி உருண்டு அந்தப் பக்கம் போன பிறகு வெகுநேரம் கழித்துத்தான் ரயில் வந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மகளின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இனிமே என் பிள்ளையை இதுல ஏத்தமாட்டேன்ப்பா. நீங்களும் ஏறக் கூடாது. அம்மாவையும் ஏத்தக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க."

அவர் சத்தியம் செய்யவில்லை. "மாமன்கிட்ட விட்டுடறேன். பிரிச்சு பாகம் பாகமா எடுத்துக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சுவிட்ச் கதை பாதியில் நின்றுபோனது. அவளால் கேட்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில், "ஏன் சுவிட்ச் மட்டும் கேட்டார்?" என்று கேட்டால் மகள் என்ன நினைப்பாள்?

அன்று முதல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டி போனால் போகட்டும், நாலு சக்கரமும் துருப்பிடித்த தகரமும்தானே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை? அவர் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவதையே ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? இதை யாரிடம் போய் எப்படிச் சொல்வது? "எங்க வீட்டுக்காரர் வண்டிக்குள்ளதான் பேசுவார்" என்றால் சிரிப்பார்கள்.

அவள் செய்யத் தெரிந்ததைச் செய்தாள். யோசித்தாள். எப்போதெல்லாம் நின்றது? வாய்க்கால் கரையில். ரயில் கேட்டில். கோயில் பின்புறத் தெருவில், அவர் மாடி மாமியார் கதையை இரண்டாம் முறையாகச் சொன்னபோது. எப்போது நிற்கவில்லை? மேட்டில் ஏறும்போது ஒருநாளும் இல்லை. கடைத்தெரு நெரிசலில் இல்லை. மகளுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தபோது இல்லை. எண்ணிப் பார்த்தவளுக்கு ஒரே ஒரு விஷயம் கையில் வந்தது. அதை அவரிடம் சொல்ல இரண்டு நாள் தைரியம் சேர்த்தாள்.

"ஏங்க..."

"என்னம்மா?"

"நீங்க பேசும்போதுதான் நிக்குது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் பக்கம் திரும்பினார். அவள் சொன்னது அவள் நினைத்த மாதிரி வெளியே வரவில்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துபோனது. ஆனால் வெளியே வந்துவிட்டதே.

"அப்ப நான் வாயை மூடிக்கிட்டு ஓட்டணும்ங்கிற."

"அப்படிச் சொல்லலீங்க—"

"இல்ல, சரியாத்தான் சொல்ற. பேச்சு சுவாரஸ்யத்துல நான்தான் எதையாவது பண்ணியிருப்பேன். ஒரு தடவை பார்த்துடுவோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்காமல் ஓட்டினார். முதுகை நிமிர்த்தி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டு ஓட்டினார். கால் வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தது. வாய்க்கால் கரை வந்தது, போனது. வண்டி நிற்கவில்லை.

"பார்த்தியா!" என்றார் வீட்டு வாசலில். அதுதான் அன்று அவர் பேசிய முதல் வார்த்தை. தோற்றவர் சொல்கிற மாதிரி இருந்தது.

மகளிடமும் மாப்பிள்ளையிடமும் சொன்னார். மச்சானிடம் சொன்னார். "உங்கக்கா கண்டுபிடிச்சுட்டா மாப்ளே. வாயை மூடினா வண்டி ஓடுது. பெரிய பெரிய மெக்கானிக்கெல்லாம் தோத்துப்போன இடம்." ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. தம்பி அக்காவைப் பார்த்து, "இதே மருந்து என் பெண்டாட்டிக்கும் இருக்கான்னு பாருக்கா" என்றான். தையல்காரி சிரிக்கவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் வண்டி ஓடியது. கதவின் இரண்டாவது சத்தத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. வீட்டிலாவது மெஷின் சத்தம் இருந்தது. எதைக் காப்பாற்ற வாயைத் திறந்தாளோ, அதை அவள் வாயே கொண்டுபோய்விட்டது. திரும்பி வரும்போது அவள் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

ஆனால் பழகிய கால் எத்தனை நாளைக்கு விறைப்பாக இருக்கும்? ஒரு ஞாயிறு, மழை விட்ட சாயங்காலம், வாய்க்காலில் தண்ணீர் பளபளவென்று போய்க்கொண்டிருந்தது. அவர் பேசவில்லை. ஆனால் தோள் தளர்ந்தது. வாய்க்குள் ஏதோ மெட்டு முனகினார். கால் பழையபடி தொட்டுக்கொண்டிருந்தது. பட்டென்று வண்டி நின்றது.

அவர் வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்தினார்.

"பேசாமலும் நிக்குது" என்றார். கோபமே இல்லாத குரல். "போதும்மா. நாளைக்குக் காலையில உன் தம்பி கடையில விட்டுடறேன். பிரிச்சுக்கட்டும்."

மறுநாள் காலை, வண்டியை விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போவதாகச் சொல்லி அவர் கிளம்பினார். தையல்காரி மெஷினில் உட்கார்ந்தாள். முதல் ஆளாக, எதிர் வரிசையில் குடியிருக்கும் ஒரு அம்மா பள்ளிச் சீருடைச் சட்டையோடு வந்தாள். சட்டையின் கை அக்குளில் தையல் பிரிந்திருந்தது.

"போட்டுக்கிட்டு நின்னா அழகா இருக்கு. ஓடினாலும் ஒண்ணுமில்ல. டீச்சர் கேள்வி கேட்டு, எம் பொண்ணு கையைத் தூக்கினாத்தான் பிரியுது. இப்ப இவ பதில் தெரிஞ்சாலும் கையைத் தூக்கமாட்டேங்கிறா."

"நீங்கதானே சுருக்கமில்லாம சிக்குன்னு வேணும்னு கேட்டீங்க?"

"கேட்டேன். அழகாத்தான் இருந்துச்சு."

அந்த அம்மா போன பிறகு தையல்காரி சட்டையை மடியில் வைத்துப் பார்த்தாள். அவள் தைத்ததுதான். துளி லூஸ் இல்லாமல், கண்ணாடியில் பார்த்தால் குறையே சொல்ல முடியாதபடி தைத்தது. கையை இறக்கி வைத்தாள்: தையல் சேர்ந்திருந்தது, பிரிந்த இடமே தெரியவில்லை. கையைத் தூக்கினாள்: வாய் பிளந்தது. இறக்கினாள்: மூடிக்கொண்டது.

மறுபடி தூக்கினாள். மறுபடி இறக்கினாள்.

பிறகு சட்டையைக் கையில் பிடித்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மெஷினுக்கு உறை போடவில்லை. அப்படி அவள் ஒருநாளும் போனதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் தம்பி வெளிர்பச்சை வண்டியின் முன்பக்க விளக்கைக் கழற்ற ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தான். இன்னொரு பக்கம், வேலைக்குப் போவதாகச் சொன்ன புருஷன் வேன் சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் திருடன் மாதிரி எழுந்து நின்றார். "சும்மா... இந்தப் பக்கம் வந்தேன்."

அவள் அவரைக் கவனிக்கவில்லை. "தம்பி, நிறுத்து. ஒண்ணு கேக்குறேன். லேசா மிதிக்கும்போது மட்டும் இன்ஜினுக்குள்ள ஏதாவது நகருமா? அழுத்தி மிதிச்சா நகராது, நிக்கும்போதும் நகராது. லேசா மிதிச்சா மட்டும்."

"என்னக்கா, கையில சட்டையோட?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். அக்கா அவனை டா போட்டு அதட்டியது சின்ன வயதில்.

"நகரும்க்கா. டிஸ்ட்ரிபியூட்டர்னு, பிளக்குக்குக் கரண்ட்டைப் பங்கு போட்டு அனுப்புற டப்பா ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டு இருக்கு. லேசா மிதிச்சு ஓட்டும்போது இன்ஜின் காத்தை இழுக்கும். அந்த இழுப்பு ஒரு சின்னக் குழாய் வழியா வந்து தட்டைக் கொஞ்சம் திருப்பும். அழுத்தி மிதிச்சா இழுப்பு இருக்காது, தட்டு பழைய இடத்துக்கே..." அவன் நிறுத்தினான். தன் காலைப் பார்த்தான். பிறகு மாமாவின் காலைப் பார்த்தான். "அட!"

"நீ எப்பவும் அழுத்தித்தான் மிதிப்ப" என்றாள் அவள். "அவர் எப்பவாவது அழுத்தினா, அன்னைக்கு நிக்காது. சந்தோஷமா இருந்தா லேசா மிதிப்பார். சந்தோஷமா இருந்தாத்தான் பேசுவார். நான் பேச்சைப் பார்த்தேன், காலைப் பார்க்கல."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. வயரிங்காரர் மெதுவாகக் கிட்டே வந்தார்.

தம்பி டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினான். பக்கவாட்டிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய குழாயைப் பிடுங்கினான். "மாமா, உங்க டெஸ்ட் விளக்கை எடுங்க. தட்டுக்குப் போற இந்த வயருக்கு அந்தக் கோடியிலயும் இந்தக் கோடியிலயும் பிடிங்க. நான் பாயிண்ட்டைப் பிடிச்சுக்கறேன். இப்ப இன்ஜின் இழுக்கிற மாதிரி யாராவது இந்தக் குழாயை வாயால உறிஞ்சணும்." இரண்டு ஆண்களின் கைகளும் வேலையாக இருந்தன. "அக்கா."

"நானா?"

"வேற யாரு?"

தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் சீருடைச் சட்டையின் ஓரத்தால் குழாயின் முனையைத் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்து உறிஞ்சினாள்.

"விளக்கு அணைஞ்சிடுச்சு" என்றார் அவள் புருஷன்.

விட்டாள்.

"எரியுது."

மறுபடி உறிஞ்சினாள். இந்த முறை கண்ணைத் திறந்து பார்த்தாள். தட்டு கொஞ்சம்போல் திரும்பியது. அதிலிருந்து ஒரு சிவப்பு வயர் விறைத்து நின்றது. விளக்கு அணைந்தது. மூச்சை விட்டாள், தட்டு திரும்பி வந்தது, விளக்கு எரிந்தது. அவள் மூச்சுக்கு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

"மேல உறை முழுசா இருக்கு, உள்ள கம்பி அறுந்திருக்கு. சும்மா இருந்தா ரெண்டு முனையும் ஒட்டிக்கிட்டு இருக்கும், இழுத்தா விலகும். பாயிண்ட்டை மாத்தும்போது இந்த வயரைப் பார்த்தேன்க்கா. புதுசு மாதிரி நறுக்குன்னு இருந்துச்சு. இதுல என்ன கோளாறு வரப்போகுதுன்னு தொடவே இல்ல. ஆனா இது வண்டி வயரே இல்லையே! ஒத்தைக் கம்பி. வீட்டுச் சுவருக்கு இழுக்கிறது, அசைவு தாங்காது. இதை இங்க போட்ட புத்திசாலி எவன்—"

அவன் பேச்சு பாதியில் நின்றது.

தையல்காரி அந்த வயரைப் பார்த்தாள். கோடு போட்ட மாதிரி, ஒரு நூல் இழை தளர்ச்சியில்லாமல், மூலையில் கச்சிதமாக மடங்கியிருந்தது. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படி மடக்குவார். கொட்டுகிற மழையும் குடையும் பாலமும் அவளுக்கு அப்படியே கண்முன் வந்தன.

வயரிங்காரர் விளக்கைக் கீழே வைத்தார். குனிந்து தன் கைவேலையைப் பார்த்தார். தம்பி ஏதாவது சொல்லிவிடுவான் என்று தையல்காரி அவனை முறைத்தாள். அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"நம்ம மக பேரன் எடுத்தாலும் அறாதுன்னேன்" என்றார் அவர்.

"மழையில வேற என்ன பண்ணியிருப்பீங்க? அன்னைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தோமா இல்லையா?"

"வந்தோம்." அவர் உதட்டோரம் அசைந்தது. "நீந்தி வந்தோம்."

தம்பி ஒரு டப்பாவைக் கிளறி, மெல்லிய இழைகளைத் திரித்துத் துணி உறை போட்ட துண்டு வயரை எடுத்து நீட்டினான். தொட்டால் நூல்கண்டு மாதிரி வளைந்தது. "நீங்களே போடுங்க மாமா." அவர் குனிந்து ஒரு கோடியை முறுக்கினார். மறு கோடியை இழுத்து, வழக்கம்போல நேராக்கினார்.

"கொஞ்சம் விடுங்க" என்றாள் அவள்.

விட்டார்.

"இன்னும் கொஞ்சம். கையைத் தூக்கணும்ல?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வயர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையமாகத் தொங்கியது. "அசிங்கமா இருக்கேம்மா."

"இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து அவள் அந்தச் சீருடைச் சட்டையின் அக்குளைப் பிரித்து, ஒரு சின்ன முக்கோணத் துணியை வைத்துத் தைத்தாள். கண்ணாடி முன் நின்றால் முன்போல் சிக்கென்று இருக்காது. கையைத் தூக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கதவை ஒருமுறை சாத்தினாள், இரண்டாவது முறை சாத்தினாள். அவர் வண்டியை எடுத்தார். கடைத்தெருவைத் தாண்டினார்கள், ரயில் கேட்டைத் தாண்டினார்கள். அவர் பேசவில்லை. நல்ல மனநிலையில்தான் இருந்தார், ஆனால் வாய் மூடியே இருந்தது. இத்தனை ஞாயிறுகள் அடக்கி அடக்கி, ஆரம்பிப்பதே மறந்துபோன மாதிரி இருந்தது. வாய்க்கால் கரை வந்தது. கால் லேசானது. வண்டி நிற்கும் இடம் வந்தது, வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் அவர் பேசவில்லை.

இத்தனை வருஷத்தில் அந்த வண்டிக்குள் முதல் வார்த்தையை அவள் பேசியதில்லை. ம் கொட்டுவதுதான் அவள் பங்கு. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அந்தச் சுவிட்ச்..."

"எந்தச் சுவிட்ச்?"

"விளக்கே இல்லாத சுவிட்ச். கட்டில் பக்கத்துல. ஏன் கேட்டார் அவரு?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். சாலையைப் பார்க்க மறந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அதுவா! அவரோட அப்பாவுக்குக் கண்ணு போயிடுச்சு. ஆனா தூங்கறதுக்கு முன்னால தன் கையால விளக்கை அணைக்காம படுக்கமாட்டார். எந்தச் சுவிட்ச் எதுக்குன்னு தெரியாம, மகன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் சரி, குளிச்சுக்கிட்டு இருந்தாலும் சரி, அணைச்சுடுவார். அதான், அவருக்குன்னு தனியா சும்மா ஒரு சுவிட்ச்."

"வெச்சுக் குடுத்தீங்களா?"

"வெச்சேன். ஆனா ஒண்ணுமில்லாத சுவிட்சை வைக்க என் கைக்கு மனசு வரல. பாவம், மனுஷன் அணைக்கிறார், ஏதாவது ஒண்ணு அணைய வேண்டாமா? அவங்களுக்குச் சொல்லாம பின்பக்கச் சுவர்ல ஒரு பல்புக்கு வயரை இழுத்துவிட்டுட்டேன். யாரும் பார்க்காத இடம்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"கண்ணு தெரியாத மனுஷனுக்கு எது போட்டது, எது அணைச்சதுன்னு எப்படித் தெரியும்? பாதி நாள் பல்பைப் போட்டுட்டுத் தூங்கியிருக்கார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டு. பொழுது விடிஞ்சுடுச்சுன்னு நெனச்சு சேவல் ராத்திரியெல்லாம் கூவியிருக்கு. அடுத்த வீட்டுக்காரர் சேவலைக் கொண்டுபோய்க் கால்நடை டாக்டர்கிட்ட காட்டியிருக்கார்!"

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கால் பெடலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்தது. அவர் திருப்பவில்லை. அவளும் சொல்லவில்லை.